இன்சுலின் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, ஆனால் ஃப்ரிட்ஜில் எங்கே?

இன்சுலின் போடுகிற யாரிடமாவது மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஃப்ரிட்ஜில்தான்" என்று உடனே பதில் வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எந்தத் தட்டில், எந்த மூலையில், அங்கே எத்தனை டிகிரி என்று யாரும் கேட்பதில்லை. என் அம்மா இன்சுலின் போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம். மருந்து வாங்குவது, வைப்பது, பழைய பாட்டிலைக் கழிப்பது எல்லாம் என் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் நான் பார்த்த வரைக்கும், வெயிலில் கெட்டுப்போன இன்சுலினைவிட ஃப்ரிட்ஜுக்குள் இருந்தே கெட்டுப்போன இன்சுலின்தான் அதிகம். இது நிறைய பேருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, அம்மாவைவிட வயதில் சின்னவர், காலையும் ராத்திரியும் ஊசி. வெறும் வயிற்றில் சுகர் இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் இரண்டு யூனிட், நாலு யூனிட் என்று ஏற்றிக்கொண்டே வந்தார். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று வீட்டில் எல்லோரும் அந்த அக்காவைத்தான் திட்டினார்கள், மருமகள் சோற்றை அளந்து போட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் ஏதோ காரியமாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது பாட்டிலைக் காட்டச் சொன்னேன். ஃப்ரிட்ஜின் மேல் கதவைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்தார். "மீனே இங்க வச்சாத்தான் தம்பி நாள்பட கெடாம இருக்கு, மருந்தும் அப்படித்தானே?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 'குளிர்ச்சியில வைங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டிலேயே அதிகக் குளிர்ச்சியான இடத்தைத்தானே யாரும் தேடுவார்கள்.

அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அது 30/70 கலவை இன்சுலின், இயல்பிலேயே பால் மாதிரி கலங்கலாக இருக்கும். வைத்த வைப்பில் வெள்ளை அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும், உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டினால் ஒரே சீராகக் கலந்துவிடும். இதை எவ்வளவு உருட்டியும் கலக்கவில்லை. சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன, கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி படிந்தது போல ஒரு திட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உறைந்து உருகிய இன்சுலின் அது. எத்தனை யூனிட் போட்டாலும் அது எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்லவே முடியாது. உருகிவிட்டதே, இனி போடலாம் என்று நினைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

இதில் பெரிய ஆபத்து எங்கே வருகிறது என்றால், அடுத்த பாட்டிலில். கெட்ட மருந்துக்கு ஏற்றபடி டோஸ் ஏறியிருக்கிறது. இப்போது நல்ல பாட்டிலை உடைத்து அதே யூனிட்டைப் போட்டால் சுகர் தாறுமாறாக இறங்கிவிடும். அதனால் புதுப் பாட்டில் ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், பழைய பாட்டிலையும் கையோடு காட்டி, நடந்ததைச் சொன்னோம். அவர் டோஸைக் குறைத்து ஆரம்பித்து, குளுக்கோமீட்டரில் தினமும் பார்க்கச் சொன்னார். மெல்ல மெல்லச் சரியானது. காரணமே தெரியாமல் சுகர் ஏறுகிறது என்றால் நீங்களாக யூனிட்டை ஏற்றாதீர்கள். முதலில் பாட்டிலைப் பாருங்கள், புதுசு மாற்ற வேண்டியிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று, எல்லா இன்சுலினும் கெட்டால் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். கிளார்ஜின், ரெகுலர், அஸ்பார்ட், லிஸ்ப்ரோ இவையெல்லாம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பவை. இவை கலங்கினாலோ நிறம் மாறினாலோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் வெயிலில் வீரியம் குறைந்த இன்சுலின் பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். கண்ணை மட்டும் நம்ப முடியாது, அது எங்கே எப்படி இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உடைக்காத பாட்டில், பென் (பேனா மாதிரி இருக்கும் ஊசி), அதற்குள் போடுகிற மருந்துக் குழலான கார்ட்ரிட்ஜ் எல்லாம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், மேலே ஐஸ் பெட்டி, அதற்கு நேர் கீழே பால் பாக்கெட் வைக்கிற ட்ரே. அந்த ட்ரேயில்தான் பலரும் இன்சுலினை வைக்கிறார்கள், கையெட்டும் இடம், தனியாகவும் இருக்கிறது என்று. காலையில் அங்கிருந்து எடுத்த பால் பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள், உள்ளே ஐஸ் துணுக்கு நறநறவென்று தட்டுப்பட்டால் அந்த இடம் இன்சுலினுக்கு ஆகாது. பின்பக்கச் சுவரை ஒட்டி வைப்பதும் அப்படித்தான். அந்தச் சுவரில் சாய்ந்திருந்த கீரை கண்ணாடி மாதிரி ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் வெளியே குளிர்ந்து கிடக்கும்போதும் குமிழை மே மாதத்தில் திருப்பிவைத்த அதே நம்பரில் விட்டுவிடுகிறோம், உள்ளே தேவைக்கு மேல் குளிர்ந்துபோகிறது.

நான் செய்த உருப்படியான காரியம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கியதுதான். ஒயரோடு ஒரு நுனி இருக்கும், நுனியை உள்ளே விட்டு டிஸ்பிளேயைக் கதவுக்கு வெளியே ஒட்டிக்கொள்ளலாம், மீன் தொட்டிக்கும் இதைத்தான் வாங்குகிறார்கள், சில நூறு ரூபாய்தான். எங்கள் ஃப்ரிட்ஜில் பால் ட்ரேயில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போனது, நடுத்தட்டில் முன்பக்கம் 5, 6 என்று நின்றது, கதவில் திறந்து மூடுவதைப் பொறுத்து 9, 10 வரைக்கும் ஏறி இறங்கியது. அதிலிருந்து அம்மாவின் மருந்து நடுத்தட்டில், சுவரைத் தொடாமல், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். உங்கள் ஃப்ரிட்ஜ் வேறு மாதிரி இருக்கும், நீங்களே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இது நம் ஊர் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் உள்ள குறை என்றும் நினைக்க வேண்டாம். பெர்லினைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்சுலின் போடுபவர்களின் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் சென்சார் வைத்துப் பார்த்து 2018இல் முடிவைச் சொன்னார்கள். சராசரியாக ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் போல அந்த இன்சுலின் 2-8 வரம்புக்கு வெளியே இருந்திருக்கிறது. சிலவற்றில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது.

உடைத்து உபயோகத்தில் இருக்கும் மருந்தின் கதை வேறு. பெரும்பாலான இன்சுலின்களை உடைத்தபின் சாதாரண அறை வெப்பத்தில், அதாவது 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே, நாலு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். லான்டஸ் என்ற கிளார்ஜின் மருந்துக்கு 28 நாள், ட்ரெசிபா என்ற டெக்லுடெக் மருந்துக்கு 8 வாரம். இப்படி மருந்துக்கு மருந்து மாறும். பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளில் அது இருக்கிறது, படிக்க முடியாவிட்டால் மெடிக்கலில் கேட்டு, உடைத்த தேதியையும் கழிக்க வேண்டிய தேதியையும் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அட்டையில் அச்சடித்திருக்கிற எக்ஸ்பைரி தேதி உடைக்காமல் சரியான குளிரில் வைத்த பாட்டிலுக்குத்தான். ரப்பரில் ஊசி இறங்கிய நாளிலிருந்து கணக்கு வேறு.

குறைந்த யூனிட் போடுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுக்கும், மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டில் 10 மில்லி, மொத்தம் 400 யூனிட். ஒரு நாளைக்கு 30 யூனிட் போடும் என் அம்மாவுக்கு அது இரண்டு வாரம்கூட வராது, அதனால் தேதி கடக்கிற பேச்சே இல்லை. ஒரு நாளைக்கு 10 யூனிட் போடுபவருக்கு அதே பாட்டில் 40 நாள் வரும், கடைசி 12 நாள் அவர் போடுவது கெடு தாண்டிய மருந்து. கார்ட்ரிட்ஜ் 3 மில்லி, 300 யூனிட். ராத்திரி மட்டும் 6 யூனிட் போடுபவர், ஊசி சரியாக வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே விட்டாலும்கூட, அதில் மிச்சம் இருக்கும்போதே 28 நாள் முடிந்துவிடும். மிச்சத்தைக் கொட்ட மனசு வராது, எனக்குப் புரிகிறது, விலை அப்படி. ஆனாலும் கெடு தாண்டியதைப் போட்டு சுகர் ஏறி, அதற்குச் செலவு செய்வது அதைவிடப் பெரிய செலவு.

இந்த அறை வெப்பக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கஜா புயலில்தான் பார்த்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது கரை கடந்தது. தென்னை அத்தனையும் சாய்ந்தது, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன, பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாக நின்றது. இன்சுலின் போடுகிற வீடுகளில் ஒரே பீதி. சிலர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசியே போடாமல் இருந்தார்கள். சிலர் எங்கிருந்தோ ஐஸ் கட்டி வாங்கி வந்து பாத்திரத்தில் போட்டு அதன்மேல் பாட்டிலைப் படுக்க வைத்தார்கள். இரண்டுமே தப்பு. ஐஸ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பாளம் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மருந்து உறைந்துவிடும். அது நவம்பர் மாதம், மழை ஈரம், வீட்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டாத நாட்கள். உபயோகத்தில் இருந்த பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜே தேவைப்படவில்லை. அம்மாவுடையதை நிழலான அறையில் தரையோரம் ஒரு டப்பாவில் வைத்தோம். கையிருப்பில் இருந்த உடைக்காத பாட்டில்களையும் அங்கேயே வைத்து, ஃப்ரிட்ஜ் நின்ற தேதியை எழுதினோம். அந்தத் தேதியிலிருந்து அவற்றுக்கும் நாலு வாரக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும் என்று எடுத்துக்கொண்டோம். சுகர் வழக்கம் போலத்தான் இருந்தது.

அப்புறம்தான் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, 2021இல் வெளியானது. கென்யாவில் தகஹாலே அகதிகள் முகாமில் வீட்டுக்குள் வெப்பம் 25க்கும் 37க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, ஃப்ரிட்ஜ் கிடையாது. அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி நாலு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்ததில், குளிரில் வைத்த மருந்துக்கும் இதற்கும் வீரியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, கையிருப்புக்கு அது வேண்டும். கரண்ட் போய்விட்டது என்பதற்காக ஊசியை நிறுத்துவதுதான் உயிருக்கே ஆபத்து. சின்ன வயதிலேயே டைப் 1 வந்து இன்சுலினை மட்டுமே நம்பி இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கண்டிப்பு, அவர்கள் ஒரு நாள்கூட விடக் கூடாது.

சரி, கத்திரி வெயிலில் என்ன செய்வது? மே மாதம் மதியம் எங்கள் அடுக்களையில் 37 காட்டும், ஓட்டு வீட்டில் தரையோரம்கூட 33. ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாட்டிலாக இருந்தால் பிரச்சினை இல்லை, உடைத்த பிறகும் ஃப்ரிட்ஜில் வைத்து, போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும். சில்லென்று போட்டால் வலிக்கும். பென்தான் சிக்கல், உபயோகத்தில் இருக்கும்போது ஃப்ரிட்ஜில் வைக்காதே என்றும் 30க்கு மேல் போகவிடாதே என்றும் பல பென்களின் தாளில் இரண்டுமே போட்டிருக்கும். எங்கள் டாக்டர் சொன்னது, ஈரமணல் போட்ட மண்பானைதான் முதல் வழி, அது இல்லாத வீட்டில் ஊசியைக் கழற்றிவிட்டு ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று. உங்கள் பென்னுக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும் ஊசியை மாட்டியபடி வைக்காதீர்கள், மருந்து கசியும், காற்று உள்ளே போகும், அப்புறம் அளவு சரியாக வராது.

பானை என்றால், அகலமான மண்பானையில் ஆற்று மணலைப் போட்டு, நடுவில் ஒரு சின்னப் பானையை இறக்கி, மணலை நன்றாக நனைத்து, வாயில் ஈரத்துணி. உள் பானைக்குள் மருந்தை அப்படியே போடக் கூடாது, தண்ணீர் புகாத மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் லேபிள் ஊறிக் கழன்றுவிடும், எது எந்த மருந்து என்றே தெரியாது. காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். நிழலும் வேண்டும், காற்றும் வேண்டும், மூடிய அலமாரிக்குள் வைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் மண்ணின் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் பானை குளிர்கிறது. இதனால்தான் ஊருக்கு ஊர் பலன் மாறுகிறது. திருச்சியில் தங்கை வீட்டில், காய்ந்த காற்று, பானைக்குள் நல்ல குளிர்ச்சி, வெளியே இருப்பதைவிட ஏழு, எட்டு டிகிரி குறைவாகக் காட்டியது. எங்கள் பக்கம் கடற்காற்று, புழுக்கம் அதிகமான நாளில் இரண்டு, மூன்று டிகிரிதான் குறைகிறது. சென்னை, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் பானையை மட்டும் நம்பாமல் தெர்மாமீட்டர் நுனியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கி வருகிற வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் மருந்து கொடுக்கும் நாளில் பார்த்தால், மஞ்சப்பையில் மாத்திரை அட்டை, மேலே இன்சுலின் பாட்டில், அதோடு மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், உச்சி வெயிலில் பஸ் கிளம்பும் வரை ஜன்னலோர சீட். ஒரு மணி, இரண்டு மணி நேரம் சாதாரண வெப்பத்தில் இருப்பதால் மருந்து கெட்டுவிடாது, நேரடி வெயிலும் கொதிக்கிற இடமும்தான் கூடாது. வண்டியின் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டி, பெட்ரோல் டேங்க் கவர், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு இந்த மூன்றும் கண்டிப்பாக வேண்டாம். நான் செய்வது, அகல வாய் உள்ள பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு, ஈரம் போகத் துடைத்து, பாட்டிலை ஒரு கைக்குட்டையில் சுற்றி உள்ளே போட்டு மூடிவிடுவேன். உள்ளே ஐஸ் கிடையாது, அதனால் உறையுமோ என்ற பயமும் இல்லை. மெடிக்கலில் ஐஸ் பேக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மருந்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு துணியோ மடித்த காகிதமோ இருக்கட்டும்.

மெடிக்கலிலேயே ஒரு கேள்வி கேளுங்கள், ராத்திரி கடை பூட்டும்போது ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று. மெயினை அணைத்துவிட்டுப் போகும் ஒரு கடையை எனக்குத் தெரியும், அங்கே வாங்குவதை நிறுத்திவிட்டேன். கோபப்படாமல் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள்.

நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்கள் மதிய ஊசியைச் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோகிறார்கள். பையை வரப்பில் வெயில் படும்படி வைக்காமல், மரத்தடியில் குடிதண்ணீர்க் குடத்தை ஒட்டி ஈரமண்ணில் வைத்தாலே நிறைய வித்தியாசம் இருக்கும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், பையையும் நகர்த்த வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் மருந்தைக் கையோடு கொண்டுபோகிற பையில் வையுங்கள், லக்கேஜில் போட்டால் சரக்கு அறையின் குளிரில் உறைந்துபோகலாம்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால் டப்பா மூடியில் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி நடுத்தட்டில் வைத்துவிடுவேன், புயல் வந்தால் பஸ்ஸும் ஓடாது, மெடிக்கலும் திறக்காது. உங்கள் ஊரிலும் மழைக்கு முன்னால் அந்த ஒரு பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே சிரிஞ்சும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும்.